வீட்டுக்கு ஒரு சின்ன சர்வர்: எந்தப் பெட்டி, ஏன்?

கைக்கு அடக்கமான ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர், ஒரு ஹார்ட் டிஸ்க், ரவுட்டரில் சொருக ஒரு லேன் கேபிள். வீட்டு சர்வர் என்பது பெரும்பாலும் இவ்வளவுதான். மானிட்டர் வேண்டாம், கீபோர்டு வேண்டாம். டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மூலையில் கிடந்தபடி ராப்பகலாக ஓடும். அதில் போட்டு வைத்த படம், பாட்டு, குடும்பப் போட்டோ எதுவானாலும் வீட்டிலுள்ள டிவி, போன், லேப்டாப் எது கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும்.

இந்த ஆசை பலருக்கு இப்போது வருவதில் ஆச்சரியமில்லை. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் அளவில்லாத இலவச இடத்தை நிறுத்திவிட்டது. மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் சேர்ந்து 15 ஜிபிக்குள் அடங்க வேண்டும். ஐபோனில் 4கே வீடியோ ஒரு நிமிடம் எடுத்தால் சுமார் 170 மெகாபைட். பேத்தியின் ஆண்டு விழா நடனம் இரண்டைப் பிடித்தால் ஒரு ஜிபி காலி. இன்னொரு பக்கம் பீரோவில் தூங்கும் கல்யாண டிவிடிக்கள், காசு கொடுத்து வாங்கிய ஆடியோ சிடிக்கள், பழைய ஹேண்டிகேமில் எடுத்த பிறந்த நாள் காட்சிகள். டிவிடி பிளேயர் ரிப்பேர் ஆகி வருஷக்கணக்கில் ஆகியிருக்கும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்டெல் 7ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசர் உள்ள செகண்ட் ஹேண்ட் பெட்டி, 8 ஜிபி ரேம். அதில் மிச்சம் பிடிக்கும் காசை அப்படியே டிஸ்கில் போடுங்கள். ஏன் 7, ஏன் 6 இல்லை, புதுசாக வாங்கினால் என்ன, ராஸ்பெர்ரி பை போதாதா என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் டிவியைப் பாருங்கள்

சர்வர் வாங்கக் கிளம்புகிறவர்கள் எத்தனை கோர், எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அதற்கு முன் பார்க்க வேண்டியது வேறு: படத்தை எந்தத் திரையில் பார்க்கப் போகிறீர்கள்?

ஒரு படத்தின் கோப்புக்குள் மூன்று சமாச்சாரங்கள் இருக்கும். வீடியோ, ஆடியோ, சப்டைட்டில். ஒவ்வொன்றும் ஏதோ ஒரு முறையில் சுருக்கப்பட்டிருக்கும். வீடியோவுக்கு எச்.264, எச்.265, ஏவி1 என்று பல முறைகள். ஆடியோவுக்கு ஏஏசி, டால்பி, டிடிஎஸ். உங்கள் டிவிக்கு இந்த மூன்றும் புரிந்தால் சர்வருக்கு வேலையே இல்லை. டிஸ்கிலிருந்து கோப்பைப் படித்து வயரில் அனுப்பினால் முடிந்தது. இதை டைரக்ட் ப்ளே என்கிறார்கள். இந்த வேலையைப் பத்து வருஷப் பழைய கம்ப்யூட்டர்கூட அசராமல் செய்யும், ஒரே நேரத்தில் நாலு திரைக்குக்கூட.

மூன்றில் ஒன்று புரியாவிட்டால்தான் சிக்கல். சர்வர் அந்தப் பகுதியைப் பிரித்து, டிவிக்குப் புரிகிற முறையில் மறுபடி சுருக்கி, படம் ஓடஓட அனுப்ப வேண்டும். இதுதான் டிரான்ஸ்கோடிங். ஆடியோவை மட்டும் மாற்றுவது லேசான வேலை. வீடியோவை மாற்றுவதுதான் பெட்டியின் முதுகை ஒடிக்கும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். 2005 வாக்கில் எடுத்த கல்யாண டிவிடியை அப்படியே காப்பி செய்து சர்வரில் போடுகிறீர்கள். அதில் இருப்பது எம்பெக்-2 வீடியோ, 720க்கு 576 அளவு, வரி விட்டு வரி பதிவான இன்டர்லேஸ் படம். சின்னப் படம்தான். ஆனால் லேப்டாப்பில் குரோமைத் திறந்து ஓட்டினால் நேரடியாக ஓடாது, பிரவுசர்களுக்கு எம்பெக்-2 தெரியாது. சர்வர் அதை எச்.264க்கு மாற்றி, வரிகளையும் சேர்த்துச் சரிசெய்து அனுப்பும். அளவு சின்னது என்பதால் எந்தப் பெட்டியும் சமாளித்துவிடும். அதே இடத்தில் 4கே, 10 பிட் (நிறங்களை இன்னும் நுணுக்கமாகப் பதியும் முறை), எச்.265 படம் ஒன்றைப் பழைய போனுக்காக மாற்றச் சொல்லுங்கள். பிராசசரை மட்டும் நம்பினால் நான்கு கோர் உள்ள கம்ப்யூட்டர்கூட 100 சதவீதத்தில் போய் நிற்கும், ஃபேன் அலறும், படம் நின்று நின்று வரும்.

சப்டைட்டிலும் சத்தமில்லாமல் காலை வாரும். எஸ்.ஆர்.டி. என்ற எழுத்துக் கோப்பாக இருந்தால் பிரச்சினை கிடையாது. புளூ-ரே தட்டிலிருந்து வரும் சப்டைட்டில் படமாக இருக்கும். பல டிவி ஆப்களுக்கு அதைக் காட்டத் தெரியாது. அப்போது சர்வர் ஒவ்வொரு ஃப்ரேமின் மேலும் அதை ஒட்டி, முழு வீடியோவையும் மறுபடி சுருக்க வேண்டியிருக்கும். "சப்டைட்டில் போட்டால் மட்டும் படம் திக்குகிறது" என்று யாராவது சொன்னால் காரணம் அநேகமாக இதுதான். ஆடியோவில் டிடிஎஸ் இதே மாதிரி. சாம்சங் 2018இலிருந்து தன் டிவிக்களில் டிடிஎஸ்ஸை விட்டுவிட்டது.

இதிலிருந்து ஒரு சிக்கன வழி கிடைக்கிறது. டிவியின் ஆப் மக்கர் செய்கிறது என்பதற்காகப் பெரிய சர்வர் வாங்க வேண்டியதில்லை. 4கே தெரிந்த ஒரு ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக்கை டிவியின் பின்னால் சொருகினால் பல நேரம் எல்லாமே டைரக்ட் ப்ளே ஆகிவிடும். வீட்டில் ஒரே ஒரு டிவி, வேறு யாரும் எதிலும் பார்ப்பதில்லை என்றால் டிரான்ஸ்கோடிங்கைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். ஆனால் அப்படிப்பட்ட வீடு அபூர்வம். ஊரிலிருந்து வந்த மாமா தன் டேப்லெட்டில் பார்ப்பார், பையன் பஸ்ஸில் போகும்போது போனில் பார்ப்பான்.

ஏழாம் தலைமுறை ஏன்?

2011இலிருந்து வந்த இன்டெல் பிராசசர்களில் பெரும்பாலானவற்றில் வீடியோவைப் பிரிக்கவும் சுருக்கவும் மட்டுமே ஒரு தனிப் பகுதி உண்டு. குயிக் சிங்க் என்று பெயர். பிராசசர் கோர்கள் செய்தால் அது அம்மியில் அரைப்பது, குயிக் சிங்க் செய்தால் மிக்ஸி. வேலை அதே வேலை, ஆனால் வியர்வை கிடையாது. மேலே சொன்ன 4கே படத்தை மாற்றும்போது பிராசசர் கிட்டத்தட்ட சும்மா இருக்கும்.

எந்தத் தலைமுறை மிக்ஸிக்கு எது அரைக்கத் தெரியும் என்பதுதான் இங்கே கணக்கு. 6ஆம் தலைமுறைக்கு எச்.265 தெரியும், ஆனால் 8 பிட் மட்டும். இன்று 4கே எச்டிஆர் படங்கள் வருவது 10 பிட்டில். 2017இல் பரவலாக வந்த 7ஆம் தலைமுறைக்குத்தான் 10 பிட் எச்.265 முழுசாகத் தெரிந்தது. 8, 9 இரண்டும் வீடியோ விஷயத்தில் ஏறக்குறைய அதே சரக்கு, கோர்கள்தான் கூடுதல். 11இல் ஏவி1 படங்களைப் பிரிக்கும் திறன் சேர்ந்தது.

இப்போது சந்தை நிலவரத்தைப் பாருங்கள். விண்டோஸ் 11 சில விதிவிலக்குகள் போக 8ஆம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாக ஓடும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. ஆக, 7ஆம் தலைமுறை மெஷின் ஒரு ஆபீசுக்கு இனி உதவாது. லினக்ஸ் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டு சர்வராக ஓட்டப் போகிற உங்களுக்கோ அதில் எந்தக் குறையும் இல்லை. வேண்டாம் என்று கழித்த பொருளில் உங்களுக்கு வேண்டிய பகுதி மட்டும் பத்திரமாக இருக்கிறது. இதனால்தான் 7 என்கிறேன். கொஞ்சம் கூடக் கொடுக்க முடியுமென்றால் 8.

புதிதாகவே வாங்க விரும்புகிறவர்களுக்கு இன்டெல் என்100 உள்ள மினி பிசிக்கள் இருக்கின்றன. 2023 தொடக்கத்தில் வந்த சின்ன பிராசசர், நான்கு கோர். பெயருக்குச் சின்னதே தவிர அதன் வீடியோ பகுதி புதுசு: 10 பிட் எச்.265 தெரியும், ஏவி1 பிரிக்கவும் தெரியும். மின்சாரம் மிகக் குறைவு. குறை என்றால், பெயர் தெரியாத பல கம்பெனிகள் இதைப் போட்டு விற்கின்றன. அடாப்டர், ஃபேன், உள்ளே போட்ட எஸ்.எஸ்.டி. எல்லாவற்றிலும் காசைக் குறைத்திருப்பார்கள். பத்து வருஷம் ஆபீசில் உழைக்கும்படி செய்த பழைய டெல், எச்பி, லெனோவா பெட்டிகளின் கட்டுமானத்தை நான் கூடுதலாக நம்புகிறேன்.

போட்டிக் கம்பெனியான ஏஎம்டியின் பிராசசர்? ஓடும். ஆனால் முதல் சர்வருக்கு வேண்டாம். சர்வரிலிருந்து படத்தை எடுத்துக் கொடுக்கும் மென்பொருள்களான ஜெல்லிஃபின், பிளெக்ஸ் இரண்டிலும் இன்டெலை வைத்துச் செய்தவர்களே அதிகம், மாட்டிக்கொண்டால் கேட்டுத் தெளிய ஆள் கிடைக்கும். இன்டெலிலும் டெஸ்க்டாப் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் தொடாதீர்கள். அதில் கிராபிக்ஸ் பகுதியே வேலை செய்யாது, குயிக் சிங்க்கும் இருக்காது.

மின்சாரக் கணக்கு

பழைய டெஸ்க்டாப் ஒன்று வீட்டிலேயே கிடக்கிறது, அதையே சர்வர் ஆக்கினால் என்ன? தாராளமாக ஆக்கலாம். ஆனால் சர்வர் வருஷம் முழுக்க ஓடும் என்பதை மறக்கக் கூடாது. கிராபிக்ஸ் கார்டு போட்ட பழைய டவர் சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கலாம். மினி பிசி என்றால் சும்மா இருக்கையில் 10 வாட்டை ஒட்டி நிற்கும்.

தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுப்பதால் 60 நாளுக்குப் பார்ப்போம். 10 வாட் என்றால் 14.4 யூனிட். 60 வாட் என்றால் 86.4 யூனிட். இங்கே கட்டணம் படி படியாக ஏறுவதால் வித்தியாசம் வெறும் 72 யூனிட்டின் விலையோடு நிற்காது. ஏற்கெனவே 450 யூனிட் ஓடும் வீடு என்று வையுங்கள். மினி பிசி சேர்ந்தால் 464, அதே வரம்புக்குள் இருக்கிறீர்கள். டவர் சேர்ந்தால் 536. 500ஐத் தாண்டிய பில்லில் கீழ்ப் படியில் இருந்த யூனிட்டுகளுக்கும் சேர்த்து விகிதம் மாறிவிடும். ஓசியில் கிடைத்த பெட்டி அதிக நாள் ஓசியாக இருக்காது.

பெட்டியில் போட்டிருக்கும் வாட்டைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஏமாறவும் வேண்டாம். ஐ5-8500டி பிராசசருக்கு 35 வாட், என்100க்கு 6 வாட் என்று இன்டெல் சொல்வது பிராசசரின் வெப்ப அளவு. சுவரிலிருந்து எவ்வளவு இழுக்கிறது என்பது வேறு எண். பிளக்கில் சொருகிப் பார்க்கும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கிவிட்டால் சந்தேகமே இருக்காது. கூடவே ஓடும் 3.5 அங்குல டிஸ்க் ஒவ்வொன்றும் நாலைந்து வாட் சேர்க்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் நிற்கும்போது

சென்னையில் இதற்கெல்லாம் ரிச்சி ஸ்ட்ரீட், பெங்களூரில் எஸ்.பி. ரோடு. கம்பெனிகள் கழித்துக் கட்டிய கம்ப்யூட்டர்கள் மொத்தமாக வந்து இறங்கும் இடங்கள். ஆன்லைனில் புதுப்பித்தது என்று போட்டு விற்பதும் பெரும்பாலும் அதே சரக்குதான். தேட வேண்டிய பெயர்கள்: டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் அல்லது ப்ரோடெஸ்க் மினி, லெனோவா திங்க்சென்டர் டைனி. மூன்றும் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும். மூன்றில் எது உசத்தி என்று சண்டை போடத் தேவையில்லை, நல்ல நிலையில் எது கிடைக்கிறதோ அதுவே உசத்தி.

பெட்டியைக் கையில் வாங்கியதும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பாதீர்கள். ஐ5 என்ற பெயர் எல்லாத் தலைமுறையிலும் உண்டு. ஆன் செய்யச் சொல்லி முழு மாடல் எண்ணைப் பாருங்கள். ஐ5-7500டி என்றால் 7, ஐ5-8500டி என்றால் 8. கடைசியில் உள்ள டி, மின்சாரம் குறைவாக எடுக்கும் ரகம் என்பதற்கு அடையாளம். அப்புறம் பயாஸுக்குள், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் செட்டிங் திரைக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பழைய கம்பெனியின் பூட்டு அது, கடைக்காரர் "நாளைக்கு எடுத்துத் தரேன் சார்" என்பார், அந்த நாளை வராது.

அடாப்டரும் முக்கியம். இந்த மினிக்களுக்கு லேப்டாப் மாதிரி வெளியே அடாப்டர். டெல், எச்பி இரண்டுக்கும் அதே கம்பெனி லேப்டாப்களின் உருண்டைப் பின், லெனோவாவுக்குச் செவ்வக முனை. ஒரிஜினலையே கேட்டு வாங்குங்கள். ராப்பகல் ஓடப் போகும் பொருளில் டூப்ளிகேட் அடாப்டரைப் போட்டு மிச்சம் பிடிக்கும் சில நூறு ரூபாய்க்கு அர்த்தமில்லை.

8 ஜிபி ரேம் படம் பார்க்கவும் கோப்பு வைக்கவும் தாராளம். போட்டோக்களில் முகம் பிரித்துக் காட்டும் இமிச் மாதிரி மென்பொருளும் வேண்டுமென்றால் 16 இருந்தால் நல்லது. சிஸ்டத்துக்கு 128 ஜிபியோ 256 ஜிபியோ ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. போதும். படங்களை அதில் வைக்கப் போவதில்லை.

ராஸ்பெர்ரி பை பற்றிக் கேட்பவர்களுக்கு: பை 5இல் வீடியோவைச் சுருக்கும் ஹார்ட்வேர் கிடையாது, எச்.264ஐப் பிரிக்கும் ஹார்ட்வேரைக்கூட எடுத்துவிட்டார்கள். டிரான்ஸ்கோடிங் என்றால் எல்லாம் அம்மிதான். போர்டு, 27 வாட் அடாப்டர், கேஸ், ஃபேன், கார்டு என்று கூட்டிப் பார்த்தால் செகண்ட் ஹேண்ட் மினி பிசிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். கையில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் டைரக்ட் ப்ளேக்கு நன்றாகவே பயன்படும். இதற்காகப் புதிதாக வாங்க வேண்டாம்.

பழைய லேப்டாப் நல்ல யோசனை, கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். ஆனால் நம் ஊர் வெயிலில் எப்போதும் 100 சதவீத சார்ஜில் கிடக்கும் பேட்டரி உப்பும். சார்ஜை 60 அல்லது 80இல் நிறுத்தும் வசதி அந்த மாடலில் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

நாஸ் என்ற பெயரில் சினாலஜி போன்ற கம்பெனிகள் விற்கும், டிஸ்க்கைப் போட்டு ரவுட்டரில் சொருகும் தயார் பெட்டிகளும் உண்டு. போட்டோ பேக்கப், கோப்புப் பகிர்வு எல்லாம் வழவழப்பாக ஓடும், நோண்டத் தேவையில்லை. ஆனால் அதே காசுக்குக் கிடைக்கும் பிராசசர் ரொம்பச் சின்னது. மென்பொருளும் அவர்கள் கையில். 2024இல் வந்த ஓர் அப்டேட்டில் சினாலஜி தன் வீடியோ ஸ்டேஷன் ஆப்பையே எடுத்துவிட்டது. படம் பார்க்க என்றே அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் வேறு வழி தேட வேண்டியதாயிற்று.

டிஸ்க்: காசு போக வேண்டிய இடம்

மினி பிசியின் ஒரே பெரிய குறை, அதற்குள் 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் நுழையாது. 2.5 அங்குலத்துக்கு ஒரு இடம் இருக்கும், அதில் பெரிய கொள்ளளவு கிடைப்பது கஷ்டம். ஆகவே டிஸ்க்கை யு.எஸ்.பி. வழியாக வெளியே வைக்க வேண்டும். ஒன்றிரண்டு டிஸ்க்குக்கு அது ஒத்துவரும். டிஸ்க்கைச் சொருகி வைக்கும் டாக் ஒன்றை, தனி 12 வோல்ட் அடாப்டர் உள்ளதாகப் பாருங்கள். மலிவான யு.எஸ்.பி. ஹப்பில் இரண்டு மூன்று டிஸ்க்கைத் தொங்கவிட்டால் திடீர் திடீரென்று ஒன்று காணாமல் போகும்.

படத்தைவிடச் சேமிப்புதான் உங்களுக்கு முக்கியம் என்றால் மினிக்குப் பதில் எஸ்.எஃப்.எஃப். என்கிற மெல்லிய டெஸ்க்டாப்பைப் பாருங்கள். அதே டெல், அதே எச்பி, அதே தலைமுறை. பார்க்கக் கொஞ்சம் பெரிது, மின்சாரமும் கொஞ்சம் கூட. ஆனால் 3.5 அங்குல டிஸ்க் உள்ளேயே சாட்டா கேபிளில் உட்காரும். யாரும் இதை ஆசையாகத் தேடுவதில்லை என்பதால் மினியைவிட மலிவாகவே கிடைக்கும். வைக்க இடம் இருக்கும் வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு சாதாரண டிவிடி 4.7 ஜிபிக்குள். எச்டி படம் சுருக்கத்தைப் பொறுத்து 4இலிருந்து 10 ஜிபி. 4கே புளூ-ரேயிலிருந்து அப்படியே எடுத்தால் ஒன்றே 50 ஜிபியைத் தாண்டும். பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டிபியில் தொடங்கலாம். போட்டதும் கம்ப்யூட்டரில் 3.63 என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024ஆல் எண்ணுகிறது.

டிஸ்க் வாங்கும்போது சி.எம்.ஆர்., எஸ்.எம்.ஆர். என்று இரண்டு ரகம் காதில் விழும். சி.எம்.ஆரில் எழுதும் தடங்கள் தனித்தனியாக இருக்கும், எஸ்.எம்.ஆரில் ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். அதனால் அதே தட்டில் அதிகம் அடங்கும், ஆனால் நிறைய எழுதும்போது ஆமை வேகம். ஒரு முறை எழுதிப் பல முறை பார்க்கும் படங்களுக்கு அது பரவாயில்லை. பல டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் ரெய்டு போட்டால் வேண்டவே வேண்டாம். வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் சில அளவுகளில் சொல்லாமல் எஸ்.எம்.ஆர். போட்டிருந்தது 2020இல் வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பின் ரெட் பிளஸ் என்று சி.எம்.ஆர். வரிசையைத் தனியாகப் பிரித்தார்கள். சீகேட்டில் அயர்ன்வுல்ஃப். இவை இரண்டும் கிடைக்காத சின்ன ஊர்களில் சிசிடிவி கடையில் விற்கும் பர்ப்பிள், ஸ்கைஹாக் டிஸ்க்குகளை வாங்கலாம். ராப்பகல் ஓடுவதற்கென்றே செய்தவை.

பழைய டிஸ்க் மட்டும் விலையைப் பார்த்து மயங்கி வாங்கக் கூடாது. கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று வரும். 26,000 மணி என்றால் மூன்று வருஷம் நிற்காமல் ஓடியிருக்கிறது. கெட்டுப்போன இடங்களைச் சொல்லும் ரீஅலகேட்டட், பெண்டிங் என்ற வரிகளில் பூஜ்யம் தவிர வேறு எது இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு டிஸ்க் வாங்க முடிந்தால் அடுத்த கேள்வி: ரெய்டு போட்டு இரண்டையும் கண்ணாடி மாதிரி ஓட்டலாமா? வீட்டுக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் இருக்க ரெய்டு உதவும், அது ஆபீசின் கவலை. வீட்டில் நடப்பது வேறு. யாரோ தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழிப்பார்கள், ரெய்டில் அது அதே நொடியில் இரண்டிலும் அழிந்துவிடும். அதற்குப் பதில் இரண்டாவது டிஸ்க்கில் தினமும் ராத்திரி ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் மென்பொருள் கொண்டு புதிய கோப்புகளை மட்டும் காப்பி எடுக்கச் சொல்லுங்கள். இங்கே அழித்தது அங்கே உடனே அழியாதபடி வைத்துக்கொள்ளலாம். படங்கள் போனால் மறுபடி தேடிக்கொள்ளலாம், எல்லாவற்றுக்கும் நகல் வேண்டாம். போட்டோவுக்கும் குடும்ப வீடியோவுக்கும் மட்டும் மூன்றாவது நகல் ஒன்று அக்கா வீட்டிலோ அம்மா வீட்டிலோ இருக்கட்டும். ஒரு சின்ன போர்ட்டபிள் டிஸ்க், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் போகும்போது புதுப்பித்தால் போதும்.

வயர், வைஃபை, வெளியூர்

சர்வருக்கும் ரவுட்டருக்கும் நடுவே கட்டாயம் வயர். மலிவு ரவுட்டர்கள் பலவற்றில் லேன் போர்ட்டின் வேகம் 100 எம்பிபிஎஸ் மட்டுமே, அதாவது நொடிக்குச் சுமார் 11 மெகாபைட். ஒரு டிபியை அதில் ஏற்ற ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஜிகாபிட் போர்ட் என்றால் இரண்டரை மணி நேரம். படம் பார்க்க இந்த வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது. ஆனால் 4கே புளூ-ரேயின் உச்ச வேகம் 128 எம்பிபிஎஸ் வரை போகும். பல டிவிக்களின் லேன் போர்ட்டும் 100தான் என்பதால் அந்த மாதிரிப் படத்துக்கு டிவியில் வயரைவிட 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை நன்றாக ஓடுவதும் உண்டு.

வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ரவுட்டரில் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வருவதை சர்வருக்குத் திருப்பிவிடும் செட்டிங்) செய்து பார்த்துத் தோற்றுப் போவார்கள். இந்தியாவில் பல இணைப்புகளில் உங்களுக்கென்று தனிப் பொது ஐபி முகவரி கிடையாது, நூற்றுக்கணக்கான வீடுகள் ஒன்றைப் பகிர்கின்றன. வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவைத் தட்ட வழியில்லை. பாதுகாப்புக்கு அது நல்லதுதான். டெயில்ஸ்கேல் என்ற ஆப்பை சர்வரிலும் போனிலும் போட்டால் இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருப்பது போல் பேசிக்கொள்ளும், தனிப்பட்டவர்களுக்கு இலவசம். முன்பின் தெரியாத ஒரு லிங்க்கைப் பார்த்து சர்வரை நேராக இணையத்தில் திறந்துவிடும் வேலை மட்டும் வேண்டாம்.

மென்பொருள்

இதில் குழம்ப ஒன்றுமில்லை. ஜெல்லிஃபினில் தொடங்குங்கள். எம்பி என்ற மென்பொருள் தன் மூல நிரலை மூடிக்கொண்டபோது 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்க இலவசம், குயிக் சிங்க்கைப் பயன்படுத்தவும் காசு கேட்காது. பிளெக்ஸ் பார்க்க அழகு, டிவி ஆப்கள் நல்ல தரம். ஆனால் ஹார்ட்வேர் டிரான்ஸ்கோடிங்குக்குச் சந்தா வேண்டும். 2025 ஏப்ரலிலிருந்து வெளியிலிருந்து பார்ப்பதற்கும் கட்டணம் வந்துவிட்டது.

அடியில் சிஸ்டமாக டெபியன் என்ற லினக்ஸ் போட்டு அதன்மேல் ஓப்பன்மீடியாவால்ட் வைத்தால் டிஸ்க், ஃபோல்டர் பகிர்வு எல்லாவற்றையும் பிரவுசரிலேயே பார்த்துக்கொள்ளலாம். லினக்ஸ் பக்கமே போனதில்லை என்றால், 8ஆம் தலைமுறை பெட்டியில் வந்த விண்டோஸிலேயே ஜெல்லிஃபினை நிறுவி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள், தப்பில்லை. நடுராத்திரியில் அப்டேட் போட்டு அதுவாக ரீஸ்டார்ட் ஆகும் தொல்லை தாங்காமல் நீங்களே லினக்ஸுக்கு வருவீர்கள்.

நிறுவியதும் செய்ய வேண்டியவை சில. செட்டிங்கில் பிளேபேக் பகுதியில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷனைக் குயிக் சிங்க் என்று மாற்றுங்கள், தானாக ஆன் ஆகியிருக்கும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு படத்தின் ஃபோல்டருக்கும் பெயரும் வெளியான வருஷமும் வையுங்கள். ஒரே தலைப்பில் அப்பா காலத்துக்கு ஒன்று, நம் காலத்துக்கு ஒன்று என்று தமிழில் எத்தனை படங்கள், வருஷம் இல்லாவிட்டால் போஸ்டர் மாறித்தான் வரும். தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் ஃபால்பேக் ஃபான்ட் என்ற இடத்தில் ஒரு தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள். ஏதாவது படம் திக்கினால் அது ஓடும்போதே டாஷ்போர்டைத் திறந்து பாருங்கள். டைரக்ட் ப்ளேயா, டிரான்ஸ்கோடிங்கா, எதனால் என்று ஒரு வரியில் எழுதியிருக்கும்.

கடைசியாக, கரண்ட் கட். சர்வர் அணைந்தால் மின்சாரம் திரும்பியதும் தானாக எழுந்திருக்காது, பவர் பட்டனை யாராவது அழுத்தக் காத்திருக்கும். பயாஸில் ஏசி பவர் லாஸ் அல்லது ஏசி ரெக்கவரி என்ற இடத்தைத் தேடி பவர் ஆன் என்று மாற்றுங்கள். இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் சர்வர், ரவுட்டர், ஃபைபர் பெட்டி மூன்றையும் அந்த லைனில் கொடுங்கள். இன்வெர்ட்டர் மாறும் நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆனால் நடுவில் ஒரு சின்ன யு.பி.எஸ். வேண்டும். டிஸ்க்கை எக்ஸ்ஃபாட் என்ற முறையில் ஃபார்மேட் செய்து வைக்காதீர்கள், பாதியில் கரண்ட் போனால் அதற்குத் தன்னைச் சரிசெய்துகொள்ளத் தெரியாது. லினக்ஸில் இஎக்ஸ்டி4 போதும். எல்லாம் முடிந்ததும் யாரும் படம் பார்க்காத நேரத்தில் சர்வரை முறையாக ஷட்டவுன் செய்து, பிளக்கை எடுத்து ஒரு நிமிடம் கழித்து மறுபடி சொருகுங்கள். எந்தப் பட்டனையும் தொடாமல் டிவியில் ஜெல்லிஃபின் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்கவில்லை என்றால் இன்னும் ஏதோ ஒரு செட்டிங் பாக்கி இருக்கிறது.